மேல் வரிசைப் படம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. இந்தக் கட்டைக் கீழ வைக்க முடியாது, அழுக்காயிடும். மடியிலயே வச்சுக்கிறேன். ஓரம் உங்க மேல இடிச்சா பொறுத்துக்கங்க, ஆதனக்கோட்டை வரைக்கும்தான். நீங்க எதுவரைக்கும்? தஞ்சாவூரா? அப்ப நல்லதாப் போச்சு. ஆதனக்கோட்டை வந்தா என் தோளைத் தட்டிச் சொல்லிடுங்க. பேச ஆரம்பிச்சா எனக்கு ஊரு தெரியாது, ஸ்டாப்பு தெரியாது. பதினோரு மணிக்கு நான் அங்க இறங்கியே ஆகணும். ஒரு ஆளு எனக்காக நிக்கும்.

என்ன கட்டுன்னு பாக்குறீங்க. நாடக நோட்டீஸு. புதுக்கோட்டையில கீழராஜ வீதிக்குப் பின்னால சந்துல அச்சாபீஸ் வச்சிருக்கேன். மாசிலாமணின்னு பேரு. முப்பத்தெட்டு வருஷமா நாடக நோட்டீஸ்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன் ஊருக்கு நாலு பேரு இருக்கான். நாடக நோட்டீஸ் அடிக்கணும்னா என்கிட்டதான் வரணும்.

நீங்க எங்க ஊர் நாடகம் பாத்திருக்க மாட்டீங்க, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. பாட்டு நாடகம் தம்பி. ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் வச்சா விடியக் கருக்கல்ல மங்களம். இதுல என்ன விசேஷம்னா, ஒரு கம்பெனின்னு எல்லாரையும் கட்டிப்போட்டு வைக்கிறது கிடையாது. கதாநாயகன் வேஷம் கட்டுற ராஜபார்ட்டு ஒரு ஊர்ல இருப்பாரு, கதாநாயகி ஸ்திரீபார்ட்டு ஒரு ஊர்ல இருக்கும், சிரிப்புக்கு வர்ற பபூன் ஒரு ஊரு. விழாக் கமிட்டிக்காரன் எங்க நாடகக் கலைஞர் சங்கத்துக்கு வந்து, எனக்கு இவரு, இவங்க, இந்தத் தேதின்னு ஆள் ஆளாப் பிடிச்சுப் போவான். அன்னைக்கு மேடையிலதான் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாப்பாங்க. ஒத்திகையா? நல்லாக் கேட்டீங்க போங்க.

தையில ஆரம்பிச்சு ஆடியோட சீசன் முடிஞ்சிரும். ஐப்பசி, கார்த்திகை மழையில ஒருத்தருக்கும் வேலை கிடையாது. அப்பதான் என் அச்சாபீஸ் நெறையும். எல்லாரும் பெஞ்சுல வரிசையா உக்காந்துக்கிட்டு அடுத்த சீசனைப் பத்தி அளப்பாங்க. யாருக்கு யாரு ஜோடி, எந்தக் குரலு நிக்கும், எந்தக் குரலு போவும், எந்த ஊரு என்ன நாடகம் கேக்கும். அளக்கட்டும் அளக்கட்டும்னு கேட்டுக்கிட்டே இருந்துட்டு கடைசியா நான் சொல்லுவேன் பாருங்க, அதுதான் நடக்கும். பதினோரு வருஷம் தொடர்ந்து நடந்திருக்கு. எனக்குச் சங்கத்துல பேரே சீசன் சோசியரு.

சோசியமெல்லாம் ஒண்ணுமில்ல. கண்ணு வேணும், அவ்வளவுதான். கொளத்துல தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பாப்பேன். கொளம் நெறஞ்ச வருஷம் ஊர்க்காரன் கல்யாண நாடகம் கேப்பான். காஞ்ச வருஷம் மயானத்துல புள்ளையப் போட்டுட்டு அழுவுற நாடகம் கேப்பான், ஊரே உக்காந்து அழுதா மேகம் எரங்கும்னு ஒரு எண்ணம். பாடுறவங்க என்கிட்ட டீ குடிக்கிறப்ப எத்தனை வாட்டி தொண்டையைச் செருமுறாங்கன்னு எண்ணுவேன். பத்துக்கு மேல போனா அடுத்த சீசன் அவருக்குத் தேதி கொறையும்.

இப்ப வர்ற சீசனைச் சொல்லட்டுமா? எழுதிக்கங்க. கொளம் ரொம்பியிருக்கு, பங்குனி முடிய கல்யாண நாடகம்தான். ராஜபார்ட்டுல பொன்னமராவதிப் பையன் ஒருத்தன் வந்திருக்கான், சிவப்பா நெடுநெடுன்னு, அவனுக்குத்தான் ஊரெல்லாம் அடிச்சுக்கும். ஆனா அவன் மேல மேல கத்துறான். அதனால அதுக்கடுத்த சீசன் பாதியில படுத்துடுவான். ஸ்திரீபார்ட்டு யாருங்கிறீங்களா? பெரியநாயகி.

ஆமா. பெரியநாயகிதான். சங்கத்துல போய்க் கேட்டீங்கன்னா சிரிப்பாங்க. பன்னெண்டு வருஷமா மேடை ஏறாத பொம்பளை எப்படிய்யா வரும்பாங்க. வரும். நான் சொல்றேன் வரும். இந்தக் கட்டு எதுக்கு? அதுக்குத்தான்.

இந்தாங்க, மேல இருக்கறதை எடுத்துப் பாருங்க. பதமாப் பிடிங்க, மை இன்னும் காயல. நடுவுல இருக்கு பாருங்க, தலையில வைரநெத்திச் சுட்டி வச்சுக்கிட்டு, அதுதான். நல்லாயிருக்கா? பழைய படம். அப்ப அதுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும்.

அது பாடுனதை நீங்க கேட்டிருக்கணும் தம்பி. எங்க நாடகத்துல ஸ்திரீபார்ட்டு நேரா மேடைக்கு வராது. படுதாவுக்கு உள்ளயே நின்னுக்கிட்டு முதல் அடியப் பாடும். ஆளு தெரியாது, குரலு மட்டும் வரும். சனம் அப்படியே நிமிர்ந்து உக்காரும். மத்தவங்க ரெண்டு அடி பாடிட்டு வெளிய வந்துருவாங்க. பெரியநாயகி நாலு அடி, அஞ்சு அடின்னு உள்ளேருந்தே இழுக்கும். வா தாயின்னு சனம் கெஞ்சும். அப்புறம்தான் வரும். திமிருதான், இல்லேங்கல. ஆனா அந்தத் திமிருக்கு ஏத்த தொண்டை இருந்துச்சு.

ஏன் நிறுத்திடுச்சுன்னு கேக்குறீங்க. அது ஒரு கைப்பிசகு தம்பி. அச்சாபீஸ்ல நடந்த கைப்பிசகு.

சொல்றேன். இப்ப எல்லாம் கம்ப்யூட்டரு. அப்பல்லாம் படம் அச்சடிக்கணும்னா பிளாக்கு வேணும். கட்டையில துத்தநாகத் தகடு அடிச்சு, அதுல மூஞ்சி செதுக்கியிருக்கும். சங்கத்துல இருக்கற அத்தனை பேரு பிளாக்கும் என்கிட்டதான் கெடந்துச்சு. ரெண்டு பெட்டி. ஒண்ணு இருக்கறவங்க பெட்டி, மெஷின் பக்கத்துலயே தொறந்து கெடக்கும், யாரு வேணா எடுப்பாங்க. இன்னொண்ணு போனவங்க பெட்டி. அது பூசையறையில சாமி படத்துக்குக் கீழ இருக்கும். பூட்டு போட்டிருக்கும்.

ஏன் பூட்டுன்னா, அதை வருஷத்துக்கு ஒரு தடவைதான் தொறக்கணும். சங்கத்துல கார்த்திகை மாசம் மூத்தவங்க பூசைன்னு போடுவாங்க. அந்த நோட்டீஸ்ல மேல் வரிசையில செத்துப்போன கலைஞர்கள் படம், ரெண்டு ஓரத்துலயும் குத்துவிளக்கு. கீழ் வரிசைகள்ல இருக்கறவங்க படம். மேல் வரிசைக்குப் படம் அடுக்கி கம்போஸ் பண்றதுக்கு நான் தலைக்கு ஊத்திட்டு, சூடம் காட்டித்தான் பெட்டியத் தொறப்பேன். ஒரு ஆளு செத்தா, பதினாறாம் நாளு அவங்க வீட்டாளுங்க வந்து பிளாக்குல சந்தனம் வச்சு அழுதுட்டு, என் கையில குடுப்பாங்க. நான் அந்தப் பெட்டியில எறக்குவேன். அவ்வளவு மரியாதை. சாவி என் அரைஞாண் கயித்துலதான் கெடக்கும். இந்தா பாருங்க, இப்பவும் கெடக்கு. பெட்டிக்கு வேலை இல்ல, சாவியக் கழட்ட மனசு வரல.

அந்த நோட்டீஸ்லதான் கைப்பிசகு. பெரியநாயகி படம் மேல் வரிசையில போயிருச்சு. இடப்பக்கத்துலேருந்து மூணாவது.

மெஷின்ல சேவுகன்னு ஒருத்தன் இருந்தான், என் வயசுக்காரன், கண்ணு சரியாத் தெரியாது. அவன் மாத்தி வச்சுட்டான். நான் கவனிக்கல. ரெண்டாயிரம் நோட்டீஸு அடிச்சு, கட்டிக் குடுத்து, அவங்க அதை அறந்தாங்கியிலேருந்து விராலிமலை வரைக்கும் செவுத்துல ஒட்டிட்டாங்க. அப்புறம்தான் தெரியுது. சங்கத்துக்காரங்க ராத்திரியோட ராத்திரியா வேற நோட்டீஸ் அடிக்கச் சொல்லி, அது படத்தைக் கீழ் வரிசைக்கு எறக்கி ஒட்டுனாங்க. ஒட்டி என்ன பண்றது? சனம் கண்ணுல பட்டதைக் கிழிக்க முடியுமா?

திருவிழா மேடைங்கிறது லேசுப்பட்டதில்ல தம்பி. சாமிக்குக் காப்புக் கட்டி, ஊரே சுத்தபத்தமா இருக்கறப்ப போடுற நாடகம். செத்தவங்க வரிசையில படம் வந்த பொம்பளையக் கூட்டியாந்து கல்யாணக் கோலத்துல நிறுத்த எந்த ஊர்க்காரன் சம்மதிப்பான்? முதல்ல ஒரு கமிட்டி வந்து குடுத்த தேதியை வேணாம்னுட்டாங்க. பாவம், நேரா சொல்லல, நாடகமே இந்த வருஷம் இல்லன்னாங்க. நான்தான் அந்த ஊருக்கே வேற ஸ்திரீபார்ட்டு போட்டு நோட்டீஸ் அடிச்சேன். அப்புறம் ரெண்டாவது ஊரு. மாசிக்குள்ள அதோட பேரு சங்கத்து நாட்குறிப்புல ஒரு பக்கத்துலயும் இல்ல.

பெருங்களூரா இது? இன்னும் இருக்கு. கண்டக்டர் கத்துவாரு, நீங்களும் பாத்துக்கங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த சீசன் பெரியநாயகி இருக்காதுன்னு நான் முன்னாடியே சொல்லியிருந்தேன். வருஷம் ஒண்ணு தள்ளிப் பலிச்சுது, அவ்வளவுதான். கணக்குக்கு அதையும் சேத்தா பன்னெண்டு.

அது எப்படின்னா, அதுக்கு முந்துன வருஷம் புரட்டாசியில அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஒரு மாசம் பேசல. அச்சாபீஸுக்கு வந்தா சைகையிலதான் பேசும், சுடுதண்ணி சொம்பைக் கையிலயே வச்சிருக்கும். நான் பாத்தேன். நாப்பது வயசை நெருங்குது, தொண்டையும் போச்சு. ஐப்பசிக் கூட்டத்துல எல்லாரும் இருக்கறப்ப சொன்னேன், அடுத்த சீசன் பெரியநாயகி கிடையாதுய்யான்னு. அதுவும் அங்கதான் உக்காந்திருந்துச்சு. என்னை ஒரு பார்வை பாத்துச்சு. பேசத்தான் முடியலையே.

தை பொறந்துச்சு. முதல் மேடையில படுதாவுக்கு உள்ளேருந்து ஒரு குரலு வந்துச்சு பாருங்க, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. முன்னைக்கு இப்ப நல்லாயிருக்கு! ஏழு அடி இழுத்துச்சு உள்ளேருந்தே. அந்த சீசன்ல அதுக்குத்தான் தேதி அதிகம். நான் நோட்டீஸ் அடிச்சு அடிச்சு அதோட பிளாக்கு தேஞ்சு போச்சு.

சரி, தப்பாச் சொல்லிட்டேன், போவுது. யாருக்கும் ஒரு தடவை தப்பும். அதோட விட்டிருக்கலாம்ல? மாசி மகத்துக்கு ஒரு ஊர்ல நாடகம். கமிட்டிக்காரங்க என்னை முன் வரிசையில நாற்காலி போட்டு உக்கார வச்சிருந்தாங்க. பாட்டை முடிச்சிட்டு வெளிய வந்துச்சு. வந்து, பபூனைப் பாத்து, இந்த ஊர்ல நல்ல சோசியரு யாராச்சும் உண்டாய்யாங்குது. எதுக்கும்மாங்கிறான் அவன். நான் உசுரோட இருக்கேனா இல்லையான்னு கேக்கணும்யா, புதுக்கோட்டையில ஒருத்தரு என்னைக் கணக்குலேருந்து எடுத்துட்டாரு, அதோ முன் வரிசையில உக்காந்திருக்காரு, எந்திரிச்சு நில்லுங்கண்ணே, எல்லாரும் பாக்கட்டும்னுச்சு.

நின்னேன். வேற என்ன பண்றது? மூவாயிரம் சனம் தம்பி. கைக்கொழந்தை வச்சிருந்த பொம்பளைங்க கூட கொழந்தையத் தூக்கிக் காட்டிச் சிரிச்சாளுக. மைக்குல பபூன் கேட்டான், சோசியரே நான் எப்பச் சாவேன்னு. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே வேட்டியை இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்தேன். அந்த வருஷம் பூரா கடைத்தெருவுல டீக்கடைக்காரன் கூட என்னை அப்படித்தான் கேட்டான்.

அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கல. கலைஞர்கள்னா அப்படித்தான். நான் ஒரு வார்த்தை கேக்கல அதுகிட்ட. அது எப்பவும் போல அச்சாபீஸுக்கு வரும், அண்ணே டீ சொல்லுங்கன்னும், சொல்லுவேன். அந்த ஐப்பசியில எல்லாரும் அடுத்த சீசனைக் கேட்டாங்க. நான் வாயைத் தொறக்கல. என்னய்யா சோசியரு ஊமையாயிட்டாருன்னாங்க. போங்கய்யா வேலை கெடக்குன்னேன். நெஜமாவே வேலை கெடந்துச்சு. பூசை நோட்டீஸு. சேவுகன் வேற மக வீட்டுக்குப் போயிட்டான், மகளுக்குப் பிரசவம், பத்து நாளு ஆளில்ல. கம்போஸ், புரூஃப், மெஷினு எல்லாம் நானே.

ஆமா. நானேதான்.

என்ன பாக்குறீங்க? சேவுகன் மாத்தி வச்சான்னு சொன்னேனா? சொல்லியிருப்பேன். அப்ப கடைத்தெருவுல கேட்டவங்ககிட்டயெல்லாம் அப்படித்தான் சொன்னேன், அதுவே பழகிப் போச்சு. அவனும் செத்துப் போயிட்டான். அவனாயிருந்தா என்ன, நானாயிருந்தா என்ன, கைப்பிசகு கைப்பிசகுதானே?

சங்கத்துல என்னை நிக்க வச்சுக் கேட்டாங்க தம்பி. எனக்கு வேலையே குடுக்கக் கூடாதுன்னு நாலு பேரு எந்திரிச்சுட்டாங்க. அப்ப பெரியநாயகிதான் சொல்லுச்சு. அண்ணனுக்குக் கை தவறிடுச்சு, விட்டுடுங்க, புள்ளை குட்டிக்காரருன்னுச்சு. அது சொன்னதால விட்டாங்க. இல்லேன்னா என் பொழப்பு அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

அதுக்கு ரெண்டு நாளு முன்னாடி அது தனியா அச்சாபீஸுக்கு வந்துச்சு. மத்தியானம். அந்த நோட்டீஸை நாலா மடிச்சுக் கையில வச்சிருந்துச்சு. அண்ணே, கை தவறிப் போச்சாண்ணேன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னேன். அது என் மூஞ்சியப் பாக்கல. என் இடுப்பைப் பாத்துச்சு. சரிண்ணே, பிளாக்கக் குடுங்க, நான் கொண்டு போயிடறேன்னுச்சு. காணோம்மா, எங்கயோ விழுந்துருச்சுன்னேன்.  செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிருச்சு.

இப்ப ஆதனக்கோட்டையில முந்திரி ஒடைக்குது. ரோட்டோரம் வறுத்து விப்பாங்கல்ல, அங்க ஒரு கொட்டகையில. ரெண்டு வருஷம் முன்னாடி இந்த பஸ்லயே போறப்ப பாத்தேன். கையெல்லாம் கறுத்துப் போயி, முந்திரித் தோட்டு எண்ணெ பட்டு வெந்து. அந்தக் கையாலதான் மேடையில அபிநயம் பிடிக்கும். நான் தலையைத் திருப்பிக்கிட்டேன்.

எனக்கு மட்டும் சுகமாவா இருக்கு? யாருக்கும் சொல்லாததை உங்ககிட்ட சொல்றேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் பூசை நோட்டீஸ் அடிக்கிறேன்ல. மேல் வரிசையில பதினோரு படம் வைப்பேன். எண்ணித்தான் வைப்பேன். புரூஃப் எடுத்துப் பாத்தா பன்னெண்டு இருக்கும். இடப்பக்கத்துலேருந்து மூணாவது, அது. கண்ணைக் கசக்கிட்டுப் பாத்தாலும் இருக்கும். சேவுகனைக் கூப்பிட்டு எண்ணுடான்னா, பதினொண்ணுதான்யாம்பான். சரின்னு அடிச்சிருவேன். அடிச்ச ஒவ்வொரு தாள்லயும் எனக்குப் பன்னெண்டு. கம்ப்யூட்டர் வந்தா போயிடும்னு நெனச்சேன். இப்ப ஒரு பொண்ணு உக்காந்து அடிக்குது, அதைக் கேட்டா, சார் கண்ணாடியை மாத்துங்கங்குது. மூணு கண்ணாடி மாத்திட்டேன்.

அப்புறம் அந்தப் பாட்டு. பட்டப்பகல்ல, மெஷின் ஓடிக்கிட்டிருக்கறப்ப, பூசையறைக்கு உள்ளேருந்து கேக்கும். முதல் அடி. ரெண்டாவது அடி. படுதாவுக்கு உள்ள நிக்கிற மாதிரியே நின்னு இழுக்கும். இப்ப வெளிய வந்துரும், இப்ப வந்துரும்னு நான் கையில மையோட நின்னுக்கிட்டே இருப்பேன். வராது தம்பி. பாட்டு வரும், ஆளு வராது. பன்னெண்டு வருஷமா உள்ளயே நிக்குது. என் பொண்டாட்டி வேப்பிலை அடிச்சா, தாயத்துக் கட்டுனா. உசுரோட இருக்கற பொம்பளைக்கு எந்தப் பூசாரி என்ன பண்ணுவான்? பேய்னா ஓட்டலாம். அது ஆதனக்கோட்டையில முந்திரி ஒடைச்சுக்கிட்டுல்ல இருக்கு.

எறக்கிடணும் தம்பி. மேல் வரிசையிலேருந்து அதைக் கீழ எறக்கிடணும். ஒரே ஒரு மேடை ஏறிட்டா போதும். ஒரு ஊரு பாத்துட்டா, அடுத்த ஊரு பயப்படாது. அதுக்குத்தான் நாலு வருஷமா அலையுறேன்.

இந்த வருஷம் ஒரு ஊரு சிக்குச்சு. எளவட்டப் பசங்க கமிட்டி. சிங்கப்பூருல இருந்துட்டு வந்தவனுங்க, பழைய கதை ஒண்ணும் தெரியாது. நான்தான் சொன்னேன், பெரியநாயகின்னு ஒரு கலைஞர், குரலு இன்னும் அப்படியே இருக்குன்னு. சரிங்க பெருசு, அவங்களையே போடுவோம்னுட்டானுங்க. பங்குனி மூணாஞ் செவ்வாக்கிழமை. ஆனா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சம்மதம் வாங்கித் தரணும், இல்லேன்னா காரைக்குடி ஆளைப் போட்டுக்கிறோம்னுட்டானுங்க. அதான் ராவெல்லாம் உக்காந்து மாதிரி நோட்டீஸ் அடிச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பையில வெத்தலை, பாக்கு, பழமெல்லாம் இருக்கு. தாம்பூலம் மாத்திக்கிட்டா பேச்சு முடிஞ்சுது, எங்க தொழில்ல அதுக்கு மேல பத்திரம் கிடையாது.

நேத்து அதோட பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கூப்பிடச் சொல்லிப் பேசுனேன். பன்னெண்டு வருஷம் கழிச்சு அந்தக் குரலு. அண்ணேன்னுச்சு தம்பி. அண்ணேன்னுதான் கூப்பிட்டுச்சு. விஷயத்தைச் சொன்னேன். மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அழுதுச்சுன்னு நெனைக்கிறேன். அப்புறம், வர்றேண்ணே, பாடணும்ணே, பாடாம நெஞ்சு அடைச்சுப் போய்க் கெடக்கேன்னுச்சு. காலையில எல்லாரும் போனப்புறம் கொட்டகையில நின்னு பாடிப் பாத்துக்குமாம். வேற யாராச்சும் கூப்பிட்டா ஒண்ணும் கேக்காம உடனே சரின்னிருப்பேன், நீங்க கூப்பிடறதால ஒண்ணு கேக்கணும்ணே, ஒண்ணே ஒண்ணு, அதுக்கு உண்மையைச் சொல்லிட்டுத் தாம்பூலத்தைக் குடுங்க, நான் பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்னுச்சு.

என்ன கேக்கும்னா… என்னத்தக் கேக்கும்? ஏதோ கேக்கும். சொல்லிட்டுப் போறது.

நீங்க ஏதோ கேக்க வாயெடுத்தீங்க. கேளுங்க, சும்மா கேளுங்க.

சாவியா?

பெட்டி பூட்டியிருந்துச்சே, சாவி உங்க இடுப்புலதானே இருந்துச்சு, இருக்கறவங்க படம் அந்த வரிசைக்குத் தானா எப்படிப் போவும்ங்கிறீங்களா?

அதேதான். அதையேதான் அது கேக்கப் போவுது. உங்களுக்கு வந்து அரை மணி நேரத்துல தோணிடுச்சு. சங்கத்துல அத்தனை பேரு இருந்தானுங்க, ஒருத்தனுக்கும் தோணல. அதுக்கு மட்டும்தான் தோணுச்சு. தோணியும் என்னைக் காப்பாத்திவிட்டுப் போச்சு.

தண்ணி இருக்கா தம்பி? குடுங்க. 

தலைக்கு ஊத்தித்தான் தொறந்தேன். சூடமும் காட்டுனேன். மேல் வரிசைக்கு வேணுங்கிற பதினொண்ணையும் எடுத்து அடுக்குனேன். மூணாவது எடத்துல ஒரு கட்டை கொஞ்சம் சின்னது, இடம் ஆடுச்சு. இட்டு நெரப்பணும். இருக்கறவங்க பெட்டி பக்கத்துலதான் கெடந்துச்சு. கையை விட்டேன். எது வந்துச்சோ அதை வச்சேன். எது வந்துச்சுன்னு… கை சொல்லிருமே தம்பி. அப்பவே இருபத்தாறு வருஷம் பிளாக்கு தொட்ட கை. தேஞ்ச கட்டை வேற, அந்த சீசன் பூரா அதைத்தானே அடிச்சேன். புரூஃப் எடுத்தேன். பாத்தேன். வெளக்குக்கு நடுவுல அது சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. ஒரு நாளைக்கு எல்லாரும் பாக்கட்டுமேன்னு நெனச்சேன். ஒரு நாளைக்குத்தான். அது மேடையில என்னை எந்திரிச்சு நில்லுங்கன்னுச்சுல்ல, அந்த மாதிரி. விளையாட்டுக்கு விளையாட்டு. இவ்வளவு தூரம் போகும்னு யாருக்குத் தெரியும்? அடுத்த சீசனை அத்தனை வருஷம் சொன்ன எனக்கு, அது தெரியல பாருங்க.

பிளாக்கு காணாமப் போகல. இந்தா, சட்டைப்பையில. தூக்கிப் பாருங்க, என்ன கனம். நோட்டீஸ்ல இருக்கற படம் இதுலேருந்துதான் எடுத்தது. வேற படம் ஏது? இன்னைக்குக் குடுத்துரலாம்னு எடுத்துக்கிட்டு வந்தேன்.

தம்பி, நீங்க இறங்கிக் குடுத்துடறீங்களா? ஒரு நிமிஷ வேலை. மாசிலாமணிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி, இந்தப் பையையும் நோட்டீஸையும் குடுத்துட்டு அடுத்த பஸ்ல போங்க. தஞ்சாவூருக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸு. முடியாதா? சரி. அதுவும் சரிதான். உங்ககிட்டேயிருந்து வாங்காது. என்கிட்டதான் கேக்கணும்னுச்சு.

சொல்லிடறேன். என்ன, அடிச்சிரவா போவுது? ஆமாம்மா, கை தவறல, வச்சேன்னு சொல்லணும். அவ்வளவுதான். உங்ககிட்ட சொல்லிட்டேன்ல? இப்பச் சொன்னேன்ல? அதே மாதிரி அங்க நின்னு…

முந்திரி வாசம் வருது. வந்துருச்சா?

அதோ. அதோ நிக்குது தம்பி. புளியமரத்துக்குக் கீழ. பட்டுச்சேலை. எங்க வச்சிருந்துச்சோ இத்தனை நாளா. பூ வச்சிருக்கு, பொட்டு வச்சிருக்கு. கையை முந்தானைக்குள்ள சுத்தி மறைச்சிருக்கு பாருங்க. நரைச்சுப் போச்சு. ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துக்கிட்டு வருது. நம்ம ஜன்னலுக்கு வருது.

தட்டாதீங்க தம்பி. தெரியும், ஸ்டாப்புதான், தெரியும். சும்மா இருங்க. அந்த நோட்டீஸைக் குடுங்க இப்படி. குடுங்கங்கிறேன்ல. மூஞ்சியை மறைச்சுக்கிறேன். கொஞ்ச நேரம். யாரும் இறங்கல பாருங்க, விசில் குடுத்துட்டாரு. அவ்வளவுதான். போயிட்டோம்.

அடுத்த சீசன் பாத்துக்கலாம். அடுத்த சீசனும் மழை உண்டு, கல்யாண நாடகம்தான் கேப்பான். வேற நல்ல கமிட்டியா ஒண்ணு புடிச்சு…

என்ன சொல்றீங்க?

படம் வெளிப்பக்கமா இருந்துச்சா? நான் மூஞ்சியை மறைச்சுப் பிடிச்சிருந்தப்ப, படம் ஜன்னல் பக்கமா இருந்துச்சா? பாத்துடுச்சா? தன் படத்தைத் தானே பாத்துடுச்சா?

திரும்பிப் பாருங்க தம்பி, என்னால முடியல. நிக்குதா, போயிருச்சா?

ஓடி வருதா? சிரிச்சுக்கிட்டா? கையைக் காட்டிக்கிட்டா ஓடி வருது? ஐயோ, சேலை தடுக்குமே. அம்பது வயசுப் பொம்பளை. அண்ணன் தூங்கிட்டாருன்னு நெனச்சுக்கிச்சு. ஸ்டாப்பைத் தவற விட்டுட்டாருன்னு நெனச்சுக்கிச்சு. டிரைவரை நிறுத்தச் சொல்லுங்க. வேணாம். வேணாம் தம்பி, உக்காருங்க, விசில் அடிக்க வேணாம். இன்னும் வருதா? நின்னுடுச்சா?

நின்னுடுச்சு.

பாடுது பாருங்க. உங்களுக்குக் கேக்கலையா? பின்னால. முதல் அடி எடுத்துருச்சு.

கண்டக்டர் சார், அடுத்த ஊரு கந்தர்வகோட்டைக்கு ஒண்ணு குடுங்க.